பழிக்கு என்ன விலை? ஃபேன்டசி எழுதுவோர் கேள்வி–பதில்

வாளும் மந்திரமும் கலந்த பழிவாங்கும் கதைகளை எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி (திருநெல்வேலி): என் கதையின் முடிவில் நாயகன் தளபதியைக் கொன்றுவிட்டு, "இனி எனக்கு என்ன மிச்சம்?" என்று வெறித்து நிற்கிறான். பழியின் விலையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். படித்த மூன்று பேருமே கடைசிப் பக்கம் ஒட்டவில்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: நாயகன் சோகமாக நிற்கிறான், சரி. அவன் கையிலிருந்து என்ன போயிற்று? உங்கள் கதைச்சுருக்கத்தில் எதுவும் போகவில்லை. குடும்பம் முதல் அத்தியாயத்திலேயே போய்விட்டது, அது பகைவன் எடுத்தது. பழிக்காக நாயகன் தானாகக் கொடுத்தது என்று ஒன்றுமில்லை. கொடுக்காதவன் முகத்தில் வெறுமையை வரைந்தால் வாசகருக்கு அது நடிப்பாகத்தான் படும்.

இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய அச்சு இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளில் ஒன்றாக வஞ்சினத்தைச் சொல்கிறது: "இன்னது பிழைப்பின் இதுவாகியர்." இதைச் செய்யத் தவறினால் எனக்கு இது நேரட்டும் என்று பொருள். "உன்னை விடமாட்டேன்" என்று கத்துவது மட்டும் வஞ்சினம் ஆகாது, பிணையாக ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாட்டுகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 72-இல் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மூன்றைப் பிணை வைக்கிறான்: குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். அந்த மூன்றையும் கேட்டதுமே அவன் எதை மதித்து வாழ்ந்தான் என்பது தெரிந்துவிடுகிறது. தனியாக ஒரு அறிமுக அத்தியாயம் தேவைப்படவில்லை. 71-இல் பூதப்பாண்டியன் பிணையாக வைக்கும் முதல் பொருளே மனைவியைப் பிரிவதுதான். அவள் அவன் இறந்தபின் தீப்புகப் போகும்போது பாடியது 246. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முதல் பாட்டில் வரும் "பிரிக" என்ற சொல் வேறு எடையில் கேட்கும்.

உங்கள் கதைக்கு இதை இப்படிப் பொருத்தலாம். 60,000 சொல் நாவல் என்றால் முதல் 6,000 சொல்லுக்குள் வஞ்சினம் வந்துவிட வேண்டும். அதில் பிணையாக வரும் பொருளை அதற்கு முன்பே இரண்டு முறையாவது அன்றாடப் புழக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். தம்பி செய்து கொடுத்த புல்லாங்குழல் என்றால், ஒரு முறை அது ஆட்டை அழைக்கப் பயன்படட்டும், இன்னொரு முறை துளை அடைத்துக்கொண்டு எரிச்சல் மூட்டட்டும். பொருள் அழகாக இருந்தால் போதாது, உபயோகத்தில் இருக்க வேண்டும்.

ஃபேன்டசிக்கு இன்னொரு வரியும் வேண்டும்: செய்து முடித்தாலும் போவது எது? ஹோமரின் இலியத்தில் தேட்டிஸ் தன் மகன் அக்கிலீசிடம் நேராகவே சொல்லிவிடுகிறாள்: உன் பகைவன் ஹெக்டர் செத்தால் அடுத்தது நீ. தெரிந்தே போகிறான். ஹெக்டரின் ஈமச் சடங்கோடு காவியம் முடிந்துவிடுகிறது, அக்கிலீசின் சாவு அதில் வரவே வராது. ஆனாலும் அவன் செத்துவிட்டதாகவே படிப்பவர் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. விலையை முன்னால் சொன்னதன் பலன் அது. உங்கள் கடைசிப் பக்கத்தைத் திருத்த வேண்டாம், முதல் நாற்பது பக்கத்தைத் திருத்துங்கள்.

கேள்வி (கோவை): என் நாயகியின் வாள் ஒவ்வொரு கொலைக்கும் அவளுடைய ஒரு நினைவை எடுத்துக்கொள்ளும். எதிரிகள் ஏழு பேர். ஏழாமவனைக் கொல்லும்போது எதற்காகப் பழிவாங்கக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடுகிறது. இந்தத் திருப்பம் எப்படி?

பதில்: வாள் நன்று, திருப்பம் பழசு. மூன்றாவது கொலைக்குள் வாசகர் அங்கே போய் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருப்பார்.

மறதி அவளை அழவைப்பதை விட அவள் வேலையைக் கெடுக்கட்டும். முதல் கொலையில் போவது சின்னதாக இருக்கட்டும், குழம்புக்கு உப்பு அளக்கும் கைப்பக்குவம் மாதிரி. அவளுக்குத் தெரியாது, உடன் சாப்பிடுகிறவன் முகத்தைச் சுளிப்பான். இரண்டில் குதிரையின் பெயர் போகட்டும். கூப்பிட்டால் வராத குதிரையால் ஒரு துரத்தல் காட்சியே மாறும். மூன்றில் எழுத்துப் படிக்கும் அறிவு. இங்கேதான் கதை சூடு பிடிக்கும். ஏழு பெயரையும் அவள் ஓலையில் எழுதி வைத்திருக்கிறாள், இப்போது அதை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்கிறவருக்கும் ஒரு பகை இருக்கலாம். ஓலையில் இல்லாத பெயர் ஒன்று அவர் வாயிலிருந்து வரலாம். நான்காவது கொலை குற்றமற்றவன்மேல் விழுந்தால், மந்திரத்தின் விதியும் பழியின் விலையும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. யாரும் வசனத்தில் விளக்க வேண்டியிருக்காது.

விதியை எழுதும்போது மூன்று கேள்விக்கு விடை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த நினைவு என்று தேர்ந்தெடுப்பது யார், வாளா அவளா? எப்போது போகிறது, வெட்டிய நொடியிலா, அடுத்த தூக்கத்திலா? காயப்படுத்தினால் பாதி நினைவு போகுமா? மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிறகு நடுக்கதையில் எதிரி ஒருவன் வெட்டுப்பட்டுத் தப்பிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

பெரிய சிக்கல் கதை சொல்லும் குரலில் இருக்கிறது. நாயகி "நான்" என்று சொல்லும் கதையில் "அம்மாவின் பாட்டை மறந்துவிட்டேன்" என்று எழுத முடியாது. மறந்தவளுக்கு மறந்தது என்னவென்று தெரியாது. வழி இரண்டு. கூடவே வருகிற ஒருவரின் பார்வையில் சொல்லுங்கள். அல்லது அவள் கிளம்பும் முன் ஒரு கயிற்றில் முடிச்சுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவைக் கட்டி வைக்கட்டும். முடிச்சு கையில் தட்டுப்படும், எதற்குப் போட்டது என்று தெரியாது.

ஒரே முறைதான் பயன்படும் ஆயுதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாரதத்தில் கர்ணனிடம் இருந்த இந்திரனின் சக்தியைப் பாருங்கள். அருச்சுனனுக்கென்றே பொத்தி வைத்திருந்ததைப் பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் மேல் எறிய வேண்டியதாகிவிடுகிறது, இல்லையென்றால் அன்றிரவே சேனை அழிந்துவிடும். வீணாய்ப் போனது என்றும் சொல்ல முடியாது, வேறு வழி இருந்தது என்றும் சொல்ல முடியாது. நல்ல விதி ஒன்று கதாபாத்திரத்தை இப்படித்தான் மூலையில் தள்ளும்.

கேள்வி (மதுரை): கண்ணகி கதையை ஃபேன்டசிப் பழிக்கதையாக எடுத்துக்கொண்டு எழுதலாமா? ஊரே எரிகிறதே, அது விலையா, தண்டனையா?

பதில்: தாராளமாக எழுதலாம். ஆனால் சிலப்பதிகாரம் அந்தத் தீயை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறது என்று முதலில் பாருங்கள். கண்ணகி தீக்கடவுளிடம் விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் சேர்க. அது கட்டளையோடு வரும் தீ. உங்கள் கதையில் அந்தப் பட்டியலில் ஒரு வகையை நீக்கிப் பாருங்கள், அல்லது "தீத்திறத்தார்" யார் என்று தீயே முடிவு செய்யட்டும். உடனே வேறு கதை கிடைக்கும்.

இன்னொரு இடத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கோவலன்மேல் பழி சுமத்தியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். காப்பியத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்யக் கொன்ற பொற்கொல்லர்கள் 1,000 பேர். அந்த ஆயிரம் பேர் சிலம்பைத் தொட்டவர்கள்கூட இல்லை. பழி முடிந்தபின் அதன் பெயரால் இன்னொருவர் செய்யும் கொலை இது, கண்ணகி கேட்கவுமில்லை. எழுதுவதற்கு இத்தனை வலுவான இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது: ஆயிரத்தில் ஒருவனுடைய மகள் பத்து வருடம் கழித்துக் கண்ணகி கோட்டத்துக்கு வருகிறாள். அவள் யாரைப் பழிவாங்குவாள்?

கோவலனின் முற்பிறப்புக் கதையும் அங்கேயே இருக்கிறது. சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்லவைத்த பரதன்தான் இப்பிறப்பில் கோவலன் என்கிறது மதுராபதித் தெய்வம். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிர்விடும் முன் இட்ட சாபம் அது. கண்ணகிக்கும் பதினான்கு நாள்தான் கெடு. இந்த எண் ஒற்றுமையை உங்கள் கதையில் நகலெடுக்க வேண்டாம், ஆனால் இப்படி ஒன்றை அமைத்து, விளக்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): வில்லன் எவ்வளவு கொடுமை செய்தால் நாயகனின் பழி நியாயமாகத் தெரியும்?

பதில்: ஒன்று போதும், வாசகருக்குத் தெரிந்த ஒருவருக்கு அது நடந்திருந்தால். ஊரையே எரித்தான் என்று ஒரு வரியில் எழுதுவதைவிட, பேசிக்கொண்டிருந்த கிழவியை வாக்கியத்தின் நடுவில் வெட்டுவது வேலை செய்யும்.

கேள்வி (சென்னை): தூங்கும் பாசறைக்குள் நாயகன் தனியாகப் புகுந்து எல்லோரையும் கொல்லும் காட்சி எழுதுகிறேன். வாசகர் கைதட்டவும் வேண்டும், கொஞ்சம் கழித்து அதற்காக வெட்கப்படவும் வேண்டும். முடியுமா?

பதில்: மாதிரி தயாராக இருக்கிறது: பாரதத்தின் சௌப்திக பருவம். பதினெட்டாம் நாள் போர் முடிந்த இரவு. அசுவத்தாமனின் காரணம் சின்னதல்ல. அவன் தந்தை துரோணர் பொய்ச் செய்தி கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தபின் வெட்டப்பட்டார், வெட்டியவன் திட்டத்துய்மன். வாசகர் முழுக்க அவன் பக்கம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

ஆலமரத்தடியில் தூக்கம் வராமல் கிடப்பவன், ஓர் ஆந்தை உறங்கும் காக்கைகளைக் கொல்வதைப் பார்க்கிறான். யோசனை அங்கே பிறக்கிறது. அவன் சொந்த மூளையில் உதித்ததல்ல, கண்ணில் பட்டது. பிறகு மாமன் கிருபர் தடுக்கிறார்: தூங்கு, காலையில் பெரியவர்களிடம் கேட்டுச் செய்வோம். இந்தத் தடை மிக அவசியம். நல்ல யோசனை சொல்ல ஆள் இருந்தும் மீறினான் என்பது பதிவாக வேண்டும். அந்தக் கிருபரே கிருதவர்மாவோடு வாசலில் நின்று, ஓடி வருகிறவர்களை வெட்டுகிறார், பாசறைக்கு மூன்று இடத்தில் தீ வைக்கிறார்கள். தடுத்தவரையே உடந்தையாக்கியதுதான் கதையின் கெட்டிக்காரத்தனம்.

உள்ளே முதல் கொலை திட்டத்துய்மன். ஆயுதத்தால் கொல் என்று அவன் கேட்கிறான். அசுவத்தாமன் மறுத்து மிதித்தே கொல்கிறான். கைதட்டல் நிற்க வேண்டிய இடம் சரியாக இதுதான், ஏனென்றால் காரணத்தோடு சேர்ந்த கொலை இத்துடன் தீர்ந்துவிட்டது. அதன்பின் விழும் திரௌபதியின் ஐந்து பிள்ளைகள் துரோணருக்கு எதுவும் செய்தவர்கள் அல்லர். உங்கள் காட்சியிலும் இந்த வரிசையை வையுங்கள். உரிய எதிரி முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சாக வேண்டும், கத்தி நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். காவலாளிகளை வரிசையாகக் கொன்று கடைசியில் முக்கிய எதிரியிடம் போனால் அது வெறும் சண்டைக்காட்சி, படிப்படியாக ஏறும், வெட்கம் வராது.

இருட்டில் நடப்பதால் தொழில்நுட்பமாகச் சில: தூங்குகிறவன் விழித்து ஆயுதம் தேடும் நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், ஆனால் தீவட்டி ஒன்று வந்தால் அது கெட்டுவிடும், மறுபடி நன்றாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தீ வைத்ததும் பயன் பெறுகிறவன் வெளியே இருட்டில் நிற்பவன், உள்ளிருந்து வருகிறவன் குருடன்போல வருவான். வாசலில் இருவர் போதும் என்பது இதனால்தான் நம்பும்படியாகிறது.

விலை பின்னால் வருகிறது. புல் ஒன்றில் பிரம்மசிரம் என்ற அஸ்திரத்தை ஏவிய அசுவத்தாமனுக்கு அதைத் திரும்பப் பெறத் தெரியாது. அருச்சுனனுக்குத் தெரியும், நோன்பு காத்தவன் என்பதால். ஒரே அஸ்திரம், ஒரே ஆசான், இரண்டு சீடர்கள். ஒருவன் ஏவ மட்டும் கற்றவன். இறுதியில் பசி, நோய், ஆயுதம் எதுவும் அண்டாமல் காத்த தலைமணி பறிபோகிறது, 3,000 ஆண்டு துணையின்றி, சீழும் குருதியும் நாற அலையும் சாபம் வருகிறது. சாவு கிடைக்கவில்லை. நாயகனைக் கடைசியில் கொன்று கணக்கை முடிக்கும் அவசரம் உள்ளவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

கேள்வி (ஈரோடு): மூன்று தலைமுறைப் பழி எழுதுகிறேன். நடுவில் வாசகருக்குக் குழம்புகிறது, யார் தொடங்கியது என்றே தெரியவில்லை என்கிறார்கள்.

பதில்: தெரியாமல் போவதில் தவறில்லை, ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் புரிந்தால் போதும். துருபதன் பழைய தோழன் துரோணரை நீயும் நானும் சமமா என்று அவமதிக்கிறான். துரோணர் சீடர்களை அனுப்பி அவனைப் பிடித்துவரச் செய்து பாதி நாட்டை எடுத்துக்கொள்கிறார். துருபதன் வேள்வி செய்து துரோணரைக் கொல்லவென்றே திட்டத்துய்மன் என்ற மகனைப் பெறுகிறான். மகன் கொல்கிறான். துரோணரின் மகன் அவனைக் கொல்கிறான். ஒரு சபையில் விழுந்த சொல், ஐந்தாவது படியில் பாசறையையே எரிக்கிறது.

இதில் கற்க வேண்டியது அளவு. ஒவ்வொரு பதிலடியும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிது, செய்கிறவனுக்கு மட்டும் அது சமமாகத் தெரிகிறது. உங்கள் கண்ணிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் "செய்தவன் கணக்கில் இதற்கு எது ஈடு" என்று ஒரு பத்தி சேருங்கள். எந்தக் கண்ணிக்கு அந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ அங்கேதான் வாசகர் குழம்பியிருப்பார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாயகியின் வாள்கையில் ஆழமான வெட்டு. பத்து நாள் கழித்து அடுத்த எதிரியோடு சண்டை. நம்பும்படியாக இருக்குமா?

பதில்: மூலிகை மந்திரம் இல்லாத உலகம் என்றால் இருக்காது. தோலில் ஆழமாகப் பட்ட வெட்டு மூடிக்கொண்டாலும், மூன்றாவது வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதம் போனால் 80 சதவீதத்தைத் தொடும், அதற்கு மேல் முழுதாகத் திரும்புவதில்லை. பத்தாம் நாள் வாளை ஓங்கினால் காயம் பிளக்கும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தால் தைக்காமல் ஒட்டாது, பிடி நிரந்தரமாகப் போய்விடும். முன்கை எலும்பு முறிந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் கட்டு, பலம் திரும்ப இன்னும் சில மாதம்.

இரத்தக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் சுமார் நாலே கால் லிட்டர். அரை லிட்டர் போனால் சமாளிப்பார். ஒன்றரை லிட்டருக்குப் பக்கத்தில் போனால் நாடி ஓடும், தோல் சில்லிடும், பேச்சு குழறும். இரண்டு லிட்டரை நெருங்கினால் உயிர் ஊசலாடும். பிழைத்தாலும் இழந்த சிவப்பணு ஈடாகப் பல வாரம் ஆகும், அதுவரை மலையேறினால் மூச்சு வாங்கும். சீழ் பிடிப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டித் தெரியவரும். மண்ணில் விழுந்த காயம் என்றால் வாய்ப்பூட்டு நோய் (டெட்டனஸ்) மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எட்டிப் பார்க்கும், காயம் ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகும்கூட.

ஆகவே உங்கள் முன் இருப்பது நல்ல தெரிவு. மூன்று மாதம் ஒளிந்து காத்தால் எதிரி கோட்டைக்குள் போய்விடுவான். பத்தாம் நாளே போனால் இடக்கையில் வாள் பிடிக்க வேண்டும். ஒரு கைவாள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறையத்தான் இருக்கும், பழகாத கைக்கு அதுவே ஒரு நிமிடத்தில் கனக்கும். மூன்றாவது வழியாக மந்திர வைத்தியத்தைக் கொண்டு வந்தால், அதற்கும் யாராவது விலை கொடுக்க வேண்டும். காயம் மறைவது இலவசமாகிவிட்டால் அதன்பின் எந்தச் சண்டைக்கும் வாசகர் பதற மாட்டார்.

கேள்வி (திருச்சி): பழிக்காகத் தயாராகும் காலத்தை எப்படிக் காட்டுவது? பயிற்சிக் காட்சிகள் சலிப்பாக இருக்கின்றன.

பதில்: பயிற்சியைக் காட்டாதீர்கள், மறைப்பைக் காட்டுங்கள். ஜப்பானில் 1701-இல் அசானோ என்ற பிரபு எடோ கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வாளால் தாக்கியதற்காக அன்றே வயிற்றைக் கிழித்துச் சாகும்படி உத்தரவிடப்பட்டார். அவரிடம் சேவகம் செய்து, தலைவனில்லாமல் போனவர்களில் 47 பேர் ஏறத்தாழ இருபத்தொரு மாதம் கழித்து, 1703 ஜனவரியில் பனியிரவில் கிராவின் மாளிகைக்குள் புகுந்து தலையைக் கொய்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தலைவர் ஓய்ஷி குடியும் கூத்துமாகத் திரிந்ததாகச் சொல்லப்படுகிறது, வேவு பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே. தலையை அசானோவின் கல்லறையில் வைத்துவிட்டுச் சரணடைந்தார்கள். அந்த ஆண்டே 46 பேர் வயிறு கிழித்துச் சாக ஆணை வந்தது. அவர்களில் ஓய்ஷியின் பதின்வயது மகனும் ஒருவன்.

வேடத்தின் விலை என்ன என்று கேளுங்கள். இருபத்தொரு மாதம் குடிகாரனாக நடித்தவனை மனைவி எப்படிப் பார்த்திருப்பாள்? பக்கத்து வீட்டுக்காரர் எப்போது மரியாதையை நிறுத்தினார்? சந்தையில் யார் காறித் துப்பினார்? பயிற்சிக்கு ஒரு பத்தி, இதற்கு ஐந்து பக்கம். சோற்றுக்கு என்ன வழி என்பதையும் மறக்க வேண்டாம். வேலையற்ற பத்துப் பேர் ஓர் ஆண்டு ஒளிந்திருந்தால் அரிசிக்கே ஆள் ஒருவருக்கு நாளுக்கு அரைக் கிலோ, மொத்தம் 1,800 கிலோவுக்கு மேல். யாரோ கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தவர் ஒரு நாள் கேட்பார்.

கேள்வி (சிங்கப்பூர்): பழிவாங்குவது சட்டப்படி செல்லும் உலகம் ஒன்றை உருவாக்குகிறேன். விதிகள் எப்படி இருக்கலாம்?

பதில்: உண்மையிலேயே இருந்தவற்றிலிருந்து கடன் வாங்குங்கள். எடோ கால ஜப்பானில் தந்தை போன்ற மூத்தவரைக் கொன்றவனைத் தேடிப் போகும் சாமுராய் முதலில் அதிகாரிகளிடம் பதிந்துகொள்ள வேண்டும். 1873-இல் அரசு அந்த வழக்கத்தையே தடை செய்தது. சட்டம் மாறிய மறுநாள், பத்து வருடம் தேடி எதிரியைக் கண்டுபிடித்தவன் என்ன செய்வான் என்று யோசித்தால் அதுவே ஒரு நாவல்.

பழைய ஐஸ்லாந்தில் கொன்றவன் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம் பல மடங்கு இழிவானது. இழப்பீடு பேசித் தீர்க்கலாம். தீரவில்லை என்றால் மூன்று ஆண்டு நாடு கடத்தல், அல்லது முழு விலக்கு. முழுதாக விலக்கப்பட்டவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், யாரும் சோறு போடக் கூடாது. கடைசி விதிதான் கதைக்குப் பொன், ஏனென்றால் அது விலையை அண்ணன், அக்காள், பழைய காதலி என்று கதவைத் தட்டப்படும் ஒவ்வொருவர் தலையிலும் வைக்கிறது.

அல்பேனிய மலைநாட்டு வழக்கான கானூனில் பெசா என்ற வாக்குத் தவணை உண்டு. அந்தத் தவணையில் கொன்றவனே செத்தவன் வீட்டுச் சாவுக்குப் போய்ப் பந்தியில் உட்கார வேண்டும். தவணை முடிந்ததும் அவனும் அவன் வீட்டு ஆண்களும் குறுகிய சாளரமுள்ள கற்கோபுர வீட்டுக்குள் அடைபடுவார்கள். பெண்கள்மேல் கை வைக்கக் கூடாது என்பதால் வயல் வேலை முழுவதும் அவர்கள் தலையில். வாள் உருவாமலே ஒரு குடும்பம் எப்படித் தேய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல அமைப்பு எங்களுக்குத் தெரியவில்லை.

உலகம் கட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, விதிகளை அடுக்கிவிட்டு நாயகனுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது. முதலில் விதி நாயகனைக் கடிக்கட்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): மன்னிப்பில் முடிக்கலாமா? எல்லோரும் சினிமாத்தனம் என்கிறார்கள்.

பதில்: திடீரென்று மனம் மாறினால் சினிமாத்தனம்தான். சனமேசயனின் பாம்பு வேள்வியில் யாருக்கும் மனம் மாறவில்லை. தந்தை பரீட்சித்தைக் கொன்ற தட்சகன் தீயை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போது, வரம் கேள் என்று அரசன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த இளைஞன் ஆஸ்திகன், வேள்வியை நிறுத்து என்கிறான். வாக்கு அரசனைக் கட்டிப் போடுகிறது. ஆஸ்திகனின் தாய் நாகப்பெண், அவன் பிறந்ததே இதற்காக. அதற்குள் எரிந்த பாம்புகள் திரும்பவில்லை, உரிய குற்றவாளி மட்டும் தப்பிவிட்டான். இப்படி ஒரு நிறுத்தத்துக்குக் கதையின் முதல் கால்பங்கிலேயே விதை போட்டிருக்க வேண்டும்: வாக்கு, விருந்தாளி, உறவு, ஏதாவது ஒன்று.

கேள்வி (புதுச்சேரி): கடைசி வெட்டுக்கு முன் நாயகன் என்ன வசனம் பேச வேண்டும்? நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த நான்கு பக்கத்தை எடுத்துக் கதையின் நடுவே, எதிரி இல்லாத இடத்தில், நாயகன் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது தனக்குத்தானே ஒத்திகை பார்ப்பதாக வையுங்கள். கடைசியில் எதிரிக்கு முன்னால் நிற்கும்போது முதல் வரியைத் தொடங்கட்டும். எதிரி, "நீ யார்?" என்று கேட்கட்டும்.